ஒன்றரை ஏக்கர் திடலில் ஒரே மரமா, கலந்து வைப்பதா? நஞ்சைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்

வடபாதி:
மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். மூன்று ஏக்கர் நஞ்சை, ஆற்றுப் பாசனம், கூட ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு). அது போக ஒன்றரை ஏக்கர் திடல். திடலில் அப்பா வைத்த தென்னை 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் மொத்தமாகச் சாய்ந்தது. அப்புறம் நட்ட கன்றுகளில் பாதி தேறியது. அதிலும் இப்போது சுருள் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து நிற்கிறது. இருக்கும் தென்னை இருக்கட்டும், காலியாகக் கிடக்கிற இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் வீட்டில் சண்டை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி மகோகனி மட்டும் வை, பதினைந்து வருடத்தில் கோடி என்கிறான் (வீடியோ பார்த்திருக்கிறான்). மாமா சவுக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்கிறார். போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போனேன், பல பயிர், பல மரம், பல்லுயிர் என்று அருமையாகப் பேசினார்கள். எதை எங்கே எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பதில் வரவில்லை. கலந்து வைத்தால் நல்லது என்பது நிஜமா, மேடைப் பேச்சா? நஞ்சையில் வருடா வருடம் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல், பிறகு உளுந்து. அதிலும் ஏதாவது மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கமிஷன்மண்டி:
மேடைப் பேச்சுதான் தம்பி. நெல்லும் உளுந்தும் கட்டையும் வாங்கி விற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நெல்லென்றால் கொள்முதல் நிலையம் இருக்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் மூட்டை ஏறிவிடும், பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். சவுக்கென்றால் வியாபாரி தோப்புக்கே வந்து மதிப்புப் போட்டு, அவன் ஆளை வைத்து வெட்டி, அவன் லாரியில் ஏற்றிப் போவான். நீங்கள் எட்டு வகை மரம் எட்டு வயதில் வைத்திருந்தால் எட்டு வியாபாரியைத் தேட வேண்டும், ஒவ்வொருவனும் பத்து மரத்துக்கு லாரி எடுத்து வரமாட்டேன் என்பான். பேசுகிறவர்கள் யாரும் விற்றவர்கள் இல்லை.

நெல்மணி:
அண்ணே, விற்பதற்கு முன்னால் மரம் நிற்க வேண்டுமே. கஜா அன்று பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கில் தென்னை விழுந்தது எதனால்? காற்று ஒரு காரணம். எங்கே பார்த்தாலும் தென்னை, தென்னையைத் தவிர வேறில்லை என்று வைத்திருந்தது இன்னொரு காரணம். ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தின் மொத்த வருமானமும் படுத்துவிட்டது. அதே வரப்பில் நின்ற பனைக்கு ஒன்றும் ஆகவில்லை, வேதாரண்யம் வரைக்கும் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வடபாதி, திடலில் தென்னையோடு வாழை, மிளகு, கோகோ, ஓரத்தில் பனை, வேம்பு, பூவரசு வையுங்கள். நஞ்சையில் ரசாயனத்தை விட்டுவிட்டுப் பாரம்பரிய நெல்லுக்கு வாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி எல்லாவற்றுக்கும் இப்போது நல்ல விலை இருக்கிறது.

கமிஷன்மண்டி:
விலை சென்னையில் இருக்கிறது தங்கச்சி. இங்கே என் கடைக்குக் கவுனி கொண்டுவந்தால் நான் வாங்க மாட்டேன், என்னிடம் யார் வாங்குவார்கள்?

பூச்சிக்காரி:
அண்ணன் சொல்வது விற்பனைப் பக்கம். நான் படித்தது பூச்சியியல், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கலப்பு நல்லது என்பதற்கு நெல்லில் பெரிய அளவில் செய்து பார்த்த கணக்கு இருக்கிறது. சீனாவில் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999 இரண்டு வருடமும் விவசாயிகள் வயலிலேயே செய்தது, இரண்டாம் வருடம் 3,300 ஹெக்டேருக்கு மேல். அங்கே ஒரு பசை நெல் உண்டு, உயரமானது, விலை அதிகம், ஆனால் குலைநோய் என்ற பூசண நோய்க்குச் சீக்கிரம் விழும். நோய் தாங்கும் குட்டை வீரிய ஒட்டு நெல்லை நான்கு வரிசை நட்டு, இடையில் பசை நெல்லை ஒரு வரிசை நட்டார்கள். பசை நெல்லைத் தனியாகப் போட்ட வயலோடு ஒப்பிட்டால் அதில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது, அதன் விளைச்சல் 89 சதவீதம் கூடியது. இரண்டு வருட முடிவில் அந்த நோய்க்கு மருந்தடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

காரணம் மந்திரம் எதுவும் இல்லை. குலைநோயின் வித்துகள் காற்றில் பக்கத்துச் செடிக்குப் போகின்றன. பக்கத்தில் இருப்பது அந்த நோயைத் தாங்கும் ரகம் என்றால் வித்து வீணாகிறது, அடுத்த சுற்றுக்கு ஆள் குறைகிறது. இன்னொன்று, உயர ரகம் குட்டை ரகத்துக்கு மேலே தலை நீட்டி நிற்பதால் வெயிலும் காற்றும் பட்டு இலை சீக்கிரம் காய்கிறது. பனியும் ஈரமும்தான் குலைநோய்க்கு வேண்டும். நம் ஊரில் கார்த்திகை மார்கழியில் ஆந்திரா பொன்னி என்ன பாடு படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அது குலைநோயைத் தாங்காத ரகம், அதை ஊரே ஒரே வாரத்தில் நடுகிறோம்.

இன்னொன்று வரப்பு. சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாட்டிலும் நான்கு வருடம் நெல் வயல் வரப்பில் எள் மாதிரி தேன் தரும் பூச்செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். பூச்சிக்கொல்லி அடிப்பது 70 சதவீதம் குறைந்தது, நெல் விளைச்சல் 5 சதவீதம் கூடியது. நெல் பூவில் தேன் கிடையாது. நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சியின் முட்டையையும் தண்டுத்துளைப்பான் முட்டையையும் தேடி அதற்குள் தன் முட்டையை வைக்கிற குட்டிக் குளவிகளுக்குச் சாப்பாடு வேண்டும், வரப்பில் பூ இருந்தால் அவை அதிக நாள் உயிரோடு இருக்கும், அதிக முட்டை வைக்கும். வரப்பில் தட்டைப்பயறு போட்டால் அதில் அசுவினி வரும், பயப்பட வேண்டாம், அதைத் தின்ன வருகிற பொறிவண்டு நெல்லுக்கும் இறங்கும். இதற்கு ஒரே நிபந்தனை, நட்ட முதல் 40 நாளில் கண்ட மருந்தை அடித்து இந்தப் பூச்சிகளைக் கொன்றுவிடக் கூடாது. அப்படி அடித்த வயலில்தான் பின்னால் புகையான் வட்டம் வட்டமாகக் கருக்குகிறது.

கடைமடை:
தங்கச்சி, யுன்னானில் நடுவில் நின்ற அந்த ஒற்றை வரிசையை எப்படி அறுத்தார்கள்?

பூச்சிக்காரி:
கையால்தான். அதைத் தனியாக அறுத்துத் தனியாக அடித்தார்கள்.

கடைமடை:
அதைத்தான் கேட்டேன். நான் தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. இங்கே அறுப்புக்கு ஆள் என்ற பேச்சே இல்லை, மெஷின்தான். மழைக்கு முன்னால் மெஷின் கிடைக்குமா என்பதே பெரிய கவலை, இதில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எப்படி அறுப்பது? இரண்டு ரகமும் கலந்து வந்தால் கொள்முதல் நிலையத்தில் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

ஆனால் கலப்பு நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தாத்தா காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் குறுவையோடு ஒட்டடையானைக் கலந்தே விதைப்பார்கள். ஐப்பசி வாக்கில் குறுவை விளையும்போது இரண்டும் சேர்ந்து அறுபடும், குறுவை அதோடு முடிந்தது, ஒட்டடையான் அறுத்த தாளிலிருந்து திரும்பத் தழைத்து மழைத் தண்ணீரில் நின்று தையில் கதிர் கொடுக்கும். ஒரே உழவு, ஒரே நடவு, இரண்டு அறுப்பு. வெள்ளத்தில் குறுவை போனாலும் ஒட்டடையான் நிற்கும். குட்டை ரகம் வந்ததும் அது போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை, மெஷினும் கூலியும் அன்றைக்கு இருந்த மாதிரி இல்லை. ஆனால் அதற்குள் இருந்த யோசனை இன்றைக்கும் செல்லும்.

நான் செய்வது இது. ஒரு வயலுக்குள் கலப்பதில்லை, வயலுக்கு வயல் நெல் ரகத்தை மாற்றுகிறேன். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் சி.ஆர். 1009 சப்-1. அது முழுகி இரண்டு வாரம் வரை தாங்கும். மேட்டு வயலில் ஆந்திரா பொன்னி, விலைக்காக. உப்பு ஏறுகிற கோடி வயலில் திருச்சி 3. மூன்றும் ஒரே நாளில் பூக்காது, ஒரே நாளில் விளையாது, ஒரே நோய்க்கு விழாது. 2021 நவம்பர் மழையில் எங்கள் பக்கம் பயிர் எத்தனை நாள் தண்ணீருக்கடியில் கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள், மூன்றிலும் ஒரே ரகம் வைத்திருந்தால் வீட்டுக்குச் சாப்பாட்டு நெல்கூட வந்திருக்காது. வியாபாரிக்கும் தகராறு இல்லை, ஒவ்வொரு வயல் நெல்லும் தனித்தனி மூட்டை.

நெல்மணி:
கடைமடை அண்ணே, நீங்கள் சொல்கிற சப்-1 எங்கிருந்து வந்தது? ஒடிசா விவசாயிகள் காலம் காலமாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து எடுத்த மரபணு. அந்த நெல்லை யாரும் போடாமல் விட்டு அழிந்திருந்தால் உங்கள் பள்ள வயலுக்கு மருந்து கிடையாது. 1970களில் நெல்லைக் குட்டையாக்கிப் புதராக்கிய ஒரு வைரஸ் நோய் வந்தபோது ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள், தாங்கியது உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரி. அதன் மரபணுதான் ஐ.ஆர். 36 என்ற நெல் ரகத்துக்குள் போனது. அதனால்தான் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006இல் நெல் திருவிழா ஆரம்பித்து இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கினார். அவர் மீட்ட 174 ரகமும் சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. குழியடிச்சான் உப்புக்கு நிற்கும், காட்டுயானம் தண்ணீருக்கு நிற்கும். இதையெல்லாம் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றலாம், பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியில் 1,30,000க்கு மேல் இருக்கிறது. ஆனால் பெட்டியில் இருக்கிற விதை வயலைப் பார்க்காது, வருடா வருடம் மாறுகிற மழைக்கும் உப்புக்கும் பழகாது. யாராவது வயலில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைமடை:
அதை ஒத்துக்கொள்கிறேன் அம்மா. ஒரு மா நிலத்தில் குழியடிச்சான் நானும் போடுகிறேன், வீட்டுக்கும் விதைக்கும். மொத்தத்தையும் போடச் சொன்னால்தான் தகராறு.

வடபாதி:
நஞ்சைப் பக்கம் கொஞ்சம் தெளிகிறது. எனக்கு மூன்று ஏக்கரும் ஒரே மட்டம், ஒரே மண். ரகத்தை வயலுக்கு வயல் மாற்றுவதால் பெரிதாக என்ன ஆகும்?

பூச்சிக்காரி:
ஒரே மண்ணாக இருந்தாலும் வயது மாறும் இல்லையா. மூன்றும் ஒரே சமயத்தில் கதிர் வாங்குகிற பருவத்துக்கு வராது, குலைநோய் கழுத்தில் பிடிக்கிற அந்த ஒரு வாரத்தில் பனி இறங்கினால் ஒரு வயலுக்குத்தான் அடி. ஆனால் ரகம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். பெயர் வேறு வேறாக இருந்து, இரண்டுக்கும் நோய் தாங்கும் குணம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் நோய்க்கு அவை இரண்டும் ஒரே ரகம்தான். 1970இல் அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு நடந்தது அதுதான். கடையில் நூறு பெயரில் விதை விற்றார்கள், பெரும்பாலானவை ஒரே தாய் வழியில் வந்த வீரிய ஒட்டு. ஒரு பூசணம் அந்தத் தாய் வழிக்கென்றே வந்தது, ஒரே பருவத்தில் நாட்டின் மொத்த மகசூலில் சுமார் 15 சதவீதம் போனது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருக்கிறது, 1922லிருந்து இருக்கிற நிலையம், எந்த ரகத்துக்கு எது தாங்கும் என்று அங்கே நேரில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம், நீங்கள் உளுந்து எப்படி விதைக்கிறீர்கள்?

வடபாதி:
தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள் தூவுவதுதான். முன்பு நன்றாக வரும். இப்போது பாதிச் செடி காணோம்.

கடைமடை:
மெஷின் தம்பி. பத்து நாளில் முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும், அதன்மேல் சங்கிலிச் சக்கரம் ஏறி இறங்கும். கையால் அறுத்த காலத்துக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறோம். மெஷின் வருகிற தேதி உறுதியானதும் மூன்று நான்கு நாள் முன்னால் தூவுங்கள், விதை மண்ணோடு ஒட்டியிருக்கும், நசுங்காது. ஈரம் போதாதென்றால் அறுத்த பிறகு விதைப்பது நல்லது, போர் இருக்கிறதே. டெல்டாவில் உளுந்து குறைந்துகொண்டே போனதற்கு விலையைக் காரணம் சொல்கிறார்கள், பாதிக் காரணம் அந்த மெஷின்தான் என்பேன். உளுந்தை விட்டவன் நெல்லுக்கு மேல் நெல், இல்லையென்றால் பருத்தி என்று போகிறான், மண்ணில் தழைச்சத்து சேர்வதற்கு வழியே இல்லை.

கமிஷன்மண்டி:
உளுந்துக்கு ஆள் இருக்கிறது, எவ்வளவு வந்தாலும் வாங்குகிறேன். அதைக் கலப்புப் பயிர் என்று யாரும் சொல்வதில்லையே, அது நம் பழக்கம்.

பூச்சிக்காரி:
அதுவும் பன்மயம்தான் அண்ணே. ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும் அதே வேலையைச் செய்யும். நெல்லைத் தின்கிற புழுவுக்குக் கோடையில் நெல் கிடைக்காது, உளுந்து வேர் முடிச்சு தழைச்சத்தை விட்டுவிட்டுப் போகும். மெஷினுக்கும் இடைஞ்சல் இல்லை. என்னைக் கேட்டால் டெல்டாவுக்கு இதுதான் முதல் வழி, வரப்பு இரண்டாவது, வயலுக்கு வயல் ரகம் மூன்றாவது. ஒரே வயலுக்குள் வரிசை மாற்றி நடுவது கடைசி.

நெல்மணி:
கோடை மழை கிடைத்தால் குறுவைக்கு முன்னால் பலதானியம் விதையுங்கள். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்னது. தானியம் நான்கு, பயறு நான்கு, எண்ணெய் வித்து நான்கு, வாசனைப் பொருள் நான்கு, தழைப் பயிர் நான்கு. கம்பு, சோளம், உளுந்து, தட்டை, எள், ஆமணக்கு, கடுகு, மல்லி, சணப்பை, தக்கைப்பூண்டு, வீட்டில் என்ன இருக்கிறதோ அது. ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் கலந்து தூவி, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிட வேண்டும். ஒவ்வொன்றின் வேரும் ஒவ்வோர் ஆழத்துக்குப் போகும்.

கடைமடை:
நல்லதுதான். ஆனால் 2023இல் ஜூன் 12 மேட்டூர் திறந்தும் தண்ணீர் கடைசி வரை வரவில்லை, 2024இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் மடக்கி உழுகிற தேதியைக் கணக்குப் பண்ணுவது கஷ்டம். போர் உள்ள வடபாதிக்கு முடியும். எல்லா விதையும் தேடி அலைய முடியாவிட்டால் தக்கைப்பூண்டு மட்டும் போட்டாலும் போதும், களிமண்ணுக்கு அது போதுமான வேலை செய்யும்.

ரேஞ்சர்_ஓய்வு:
திடலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வனத்துறையில் இருந்தவன், கல்லணைக் கால்வாய்க் கரைத் தேக்கெல்லாம் பார்த்தவன்.

முதலில் மாமா சொன்ன சவுக்கு. அவரைக் குறை சொல்லாதீர்கள். மூன்று நான்கு வருடத்தில் வெட்டுகிற மரத்துக்குக் கலப்பு தேவையில்லை. அதன் வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் இருந்து காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும், முதல் வருடம் இடையில் கடலையோ உளுந்தோ போட்டு எடுக்கலாம், அவ்வளவு போதும். கலப்பு எப்போது வேண்டும் என்றால், மரம் நிலத்தில் நிற்கப்போகும் வருடம் கூடக்கூட. பத்து இருபது வருடத்தில் ஒரு புயலாவது, ஒரு புதுப் பூச்சியாவது, ஒரு பெரிய வறட்சியாவது வராமல் இருக்காது. அதில் எது வரும் என்று நடும்போது தெரியாது.

தம்பி சொன்ன மகோகனிக்கு இது முழுக்கப் பொருந்தும். அதற்கென்றே ஒரு குருத்துத் துளைப்பான் உண்டு. நடுக்குருத்தைத் துளைத்துக் காயவைக்கும், பக்கக் கிளை இரண்டாகப் பிரிந்து மேலே போகும், நேர்த்தண்டு போச்சு, மரக்கட்டை மதிப்பும் அதோடு போச்சு. ஏக்கர் முழுக்க மகோகனி வைத்தால் ஒரு குருத்திலிருந்து அடுத்த குருத்துக்குத் தேடாமலே போகும். சில பேர் கலக்கிறேன் என்று மகோகனியோடு சந்தன வேம்பை வைக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், அதே புழு இரண்டையும் தின்னும். பார்க்கிறவனுக்குத்தான் அது கலப்பு, புழுவுக்கு இல்லை.

இதற்கு எல்லையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்து மரத்தை மட்டும் தின்கிற பூச்சிக்குத்தான் கலப்பு நன்றாக வேலை செய்கிறது. கண்டதையும் தின்கிற பூச்சிக்கு அவ்வளவாகச் செய்யாது, சில சமயம் பக்கத்து மரமே அதற்குப் படியாகிவிடும்.

வளர்ச்சிக் கணக்கு கேட்பவர்களுக்கு: சீனாவில் ஜியாங்சி மாகாணத்தில் 1,50,000க்கு மேல் மரம் நட்டு ஒரு வகையிலிருந்து பதினாறு வகை வரை கலந்து பார்த்தார்கள். எட்டு வருடத்தில் தனிமரத் தோப்பில் சராசரியாக ஹெக்டேருக்கு 12 டன் கரிமம் சேர்ந்த இடத்தில், பதினாறு வகை கலந்த தோப்பில் 32 டன். ஒன்று வெயிலில் மேலே போகும், ஒன்று நிழலில் கீழே தங்கும், வேர் ஒன்று ஆழம், ஒன்று பரவல், அதனால் சண்டை குறைவு. ஆனால் கவனியுங்கள், அது சராசரித் தோப்போடு ஒப்பிட்டது. உங்கள் மண்ணுக்கு நன்றாக வரும் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வைத்தவனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கும். அந்த மரம் எது என்று இருபது வருடம் முன்னால் யாருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி.

கமிஷன்மண்டி:
ஐயா, நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. பத்து மரத்துக்கு எவன் லாரி எடுத்து வருவான்?

ரேஞ்சர்_ஓய்வு:
வரமாட்டான், நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் உப்புமாவுக்கு எல்லாவற்றையும் போட்டுக் கிளறுகிற மாதிரி கலக்கக் கூடாது என்கிறேன். ஒவ்வொன்றும் மூன்று நான்கு வரிசை சேர்ந்தாற்போல் பட்டை பட்டையாக வையுங்கள். வெட்டும்போது ஒரு பட்டை முழுதும் ஒரே நாளில் வெட்டலாம், லாரியும் நிறையும், பக்கத்துப் பட்டைக்கும் சேதம் இல்லை. ஒன்றரை ஏக்கருக்கு விற்கிற மரம் இரண்டு வகை போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். மற்ற பன்மயத்தை வேலியில் வையுங்கள். பனை, வேம்பு, பூவரசு, புங்கன், நாவல், கிளுவை. வேலியை யாரும் லாரியில் ஏற்றப்போவதில்லை, பறவையும் குளவியும் அங்கே தங்கினால் போதும். பூவரசும் புங்கனும் தழை உரத்துக்கும் ஆகும்.

பேட்டை_வலை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் முத்துப்பேட்டைக்காரன், மீன்பிடி. எல்லோரும் கலப்பு கலப்பு என்கிறீர்கள், எங்கள் கடலோரச் சதுப்புக் காட்டைப் பாருங்கள். கிட்டத்தட்ட முழுக்க அலையாத்தி மரம் ஒன்றுதான். இயற்கையே ஒரே மரம் வைத்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ரேஞ்சர்_ஓய்வு:
நல்ல கேள்வி தம்பி. அங்கே மண்ணில் ஏறிய உப்பைத் தாங்குவது அலையாத்திதான், அதனால் அது மட்டும் நிற்கிறது. பிச்சாவரத்தில் நல்ல தண்ணீர் கொஞ்சம் கூட வருகிறது, வாய்க்கால் ஓரமெல்லாம் சுரபுன்னை நிற்கிறது, இன்னும் பல வகையும் இருக்கிறது. முத்துப்பேட்டையில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள், வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து குழிந்தது, கடல் தண்ணீர் தேங்கி வற்றி உப்பானது, அப்புறம் விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. பின்னால் மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி ஓதத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விட்டார்கள், அப்புறம்தான் நட்டது பிழைத்தது. முதலில் தண்ணீர், அதற்கு அப்புறம் எந்த மரம் என்ற பேச்சு. பத்து வகைக் கன்றைக் கொண்டுபோய் உப்பில் நட்டால் பத்தும் சாகும்.

பேட்டை_வலை:
அது உண்மை. கோரையாறு, பாமணியாற்றில் தண்ணீர் நன்றாக வருகிற வருடம் இறாலும் நன்றாக இருக்கும், கரையோரத்தில் கன்றும் நிறைய முளைக்கும். கஜாவுக்கு அப்புறம் காட்டின் பெரும்பகுதி மொட்டையாக நின்றது, வாய்க்கால் தூராத இடம் சீக்கிரம் பச்சையானது.

நெல்மணி:
கோடியக்கரையையும் சொல்லுங்கள் ஐயா. பாலை மரமும் இன்னும் எத்தனையோ உலர் பசுமைமாறா மரமும் இருந்த காடு, திறந்த இடமெல்லாம் சீமைக்கருவேலம் ஏறி வெளிமானுக்கு மேயப் புல்லில்லை.

ரேஞ்சர்_ஓய்வு:
அதற்குத் தனி இழை போடுங்கள் அம்மா, ஆரம்பித்தால் நிற்காது.

வடபாதி:
எல்லோருக்கும் நன்றி. நான் நினைத்திருப்பது இது, தப்பிருந்தால் சொல்லுங்கள். நஞ்சை: மூன்று வயலிலும் தாளடிக்கு வேறு வேறு ரகம், வரப்பில் எள்ளும் தட்டைப்பயறும், உளுந்தை மெஷினுக்கு நான்கு நாள் முன்னால். திடல்: இருக்கும் தென்னையை எடுக்கவில்லை. காலி இடத்தில் ஒரு பட்டை சவுக்கு, ஒரு பட்டை தேக்கு, தம்பி முகத்துக்காக மகோகனி ஒரே ஒரு பட்டை, தேக்குக்கு அந்தப் பக்கம். வேலி முழுக்கப் பனையும் மற்றவையும். தென்னைக்கு இடையில் வாழை வைக்கலாமா, அல்லது வெள்ளை ஈ வாழைக்கும் பரவுமா?

பூச்சிக்காரி:
வையுங்கள். அந்த ஈ வாழையிலும் வரும், வரட்டும். அதை அழிக்கிற என்கார்சியா என்ற குளவி வாழையிலும் கல்வாழையிலும் பெருகித் தென்னைக்கு ஏறும், வேளாண் பல்கலைக்கழகமே இடையில் இவற்றை வளர்க்கத்தான் சொல்கிறது. ஈயைப் பார்த்ததும் மருந்தடித்தால் குளவிதான் முதலில் சாகும். ஓலையில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து விடுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. தென்னையில் அடித்தண்டில் செங்காவி நிறத்தில் சாறு வடிந்து மரம் சாகிற நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர், 1952 புயலுக்குப் பிறகு நம் ஜில்லாவில்தான் முதலில் கவனித்தார்கள். அது மண்ணில் வேர் வழியாக மரத்துக்கு மரம் போகும் பூசணம். அதற்குச் சொல்கிற பரிந்துரைகளில் ஒன்று தென்னைக்கு இடையில் வாழை. மரத்துக்கு வருடம் ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கமிஷன்மண்டி:
வாழைத்தார் நான் எடுத்துக்கொள்கிறேன். ரஸ்தாளி வையுங்கள், விலை நிற்கும்.

கடைமடை:
ரஸ்தாளி பனாமா வாடலுக்கு விழும் அண்ணே, கற்பூரவள்ளியும் அப்படித்தான். தென்னை வாடலுக்கு வாழை வைத்து வாழை வாடலில் மாட்டச் சொல்கிறீர்களே. பூவன் வையுங்கள் வடபாதி, அது தாங்கும், பூஜைக்கும் கல்யாணத்துக்கும் எப்போதும் போகும்.

வடபாதி:
பூவனே வைக்கிறேன். பனங்கொட்டை எங்கே கிடைக்கும்?

நெல்மணி:
வாங்காதீர்கள். ஆவணி, புரட்டாசியில் வேதாரண்யம் ரோட்டில் பழம் விழுந்து கிடக்கும், ஆள் வைத்துப் பொறுக்கினால் ஒரு காலையில் உங்கள் வேலிக்கு வேண்டியது கிடைத்துவிடும். சேறு காயும் முன் புதையுங்கள். நட்ட இடத்தை நன்றாக யோசித்துவிட்டு நடுங்கள், வளர்ந்த பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.